மஸ்தாவின் ஊர்: ஹிரோஷிமா நாட்குறிப்பு

அக்டோபர் 14, செவ்வாய் | ஹிரோஷிமா நிலையம்

ஹிரோஷிமாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலர் அமைதிப் பூங்காவையும் மியாஜிமா தீவையும் பார்த்துவிட்டு மறுநாளே ஒசாகாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கிழக்கே ரயிலில் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் இந்த ஊருக்குச் சோறு போடும் கம்பெனி இருக்கிறது. தமிழ்நாட்டில் மஸ்தா என்ற பெயரைக் கேட்டால் கார் நினைவுக்கு வராது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன ஸ்வராஜ் மஸ்தா வேன்தான் வரும். 1980களில் பஞ்சாப் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. பிறகு இசுஸு உள்ளே வந்தது, 2011ல் கம்பெனிப் பெயரிலிருந்தே மஸ்தா போய்விட்டது. அதன் தாய்வீடு இந்த ஊர்.

நிலையத்தில் முதல் குழப்பம் டிராம். பழைய வழிகாட்டிகள் எல்லாம் கீழே சாலைக்கு இறங்கச் சொல்லும். 2025 ஆகஸ்ட் 3 முதல் டிராம் நிலையக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கே வந்து நிற்கிறது. கீழே போய் முழிக்கிறவர்களை உள்ளூர்க்காரர்கள் தானாக வந்து விசாரித்து, எஸ்கலேட்டர் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தலை குனிந்து போகிறார்கள். நகருக்குள் எங்கே இறங்கினாலும் 240 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 140 ரூபாய். இறங்கும்போதுதான் கொடுக்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும் சில்லறை இயந்திரத்துக்கு 1,000 யென் தாள் வேண்டும். 10,000 யென்னோடு ஏறினால் சங்கடம்.

தெருவில் நிற்கும் கார்களைக் கவனித்தால் ஊர் புரியும். டோக்கியோவில் டொயோட்டா நிற்கும் இடங்களில் இங்கே மஸ்தா நிற்கிறது. டொயோட்டா குழுமம் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டிகளுக்கு மேல் விற்கிறது, மஸ்தா 12, 13 லட்சம். அளவில் இது சின்னக் கம்பெனி. ஆனால் இந்த ஊரில் அதை யாரும் சின்னதாக நினைப்பதில்லை. உள்ளூர் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா டோயோ கார்ப்பின் பெயரில் இருக்கும் 'டோயோ' மஸ்தாவின் பழைய பெயரான டோயோ கோக்யோவிலிருந்து வந்தது. நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள மைதானம் 2009 முதல் மஸ்தா பெயரில் இருக்கிறது. சீசன் முடிந்துவிட்டதால் வாசல் பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் சிவப்புத் தொப்பி ரசிகர்கள் தெருவில் குறையவில்லை.

இரவுக்கு ஒகோனோமியாகி. ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து ஊற்றுவார்கள், இங்கே அடுக்கு. தோசைக்கல்லைப் போலப் பத்து மடங்கு பெரிய இரும்புத் தகட்டில் மெல்லிய மாவு வட்டம், அதன்மேல் ஒரு குன்று முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, பொரித்த மாவுத் துணுக்கு, பன்றி இறைச்சிச் சீவல். கவிழ்த்து, பக்கத்தில் வதங்கும் நூடுல்ஸ் மேல் ஏற்றி, கடைசியில் உடைத்த முட்டைமேல் வைத்து மறுபடி கவிழ்த்தல். முட்டைக்கோஸ் தன் நீரிலேயே வேக வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் நீர் வெளியேறி நடுவில் சப்பென்று போகும். 1,000 முதல் 1,300 யென். தட்டில் வேண்டுமா, தகட்டிலிருந்தே கரண்டியால் வெட்டிச் சாப்பிடுவீர்களா என்று கடைக்கார அம்மா கேட்பார். தகட்டிலேயே சாப்பிடுவதுதான் சரி, கடைசித் துண்டுவரை சூடு இருக்கும். சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் மேலே தடவும் கறுப்பு சாஸில் பெரும்பாலும் கறிச்சாறு கலந்திருக்கும்.

அக்டோபர் 15, புதன் | ஹிஜியாமா குன்று

காலையிலிருந்து தூறல். அமைதி அருங்காட்சியகத்துக்கு 200 யென். அதைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர், இங்கே வேண்டாம். மஸ்தா கதைக்கு வேண்டியது அங்கிருந்து தென்கிழக்கே டிராமில் போனால் வரும் ஹிஜியாமா. எழுபது மீட்டர் உயரம்கூடத் தேறுமா என்று சந்தேகப்பட வைக்கும் மேடு. மேலே நவீன ஓவியக்கூடமும் காமிக்ஸ் நூலகமும் உண்டு. மழை நாளில் பள்ளி மாணவர்கள் நூலகத்துக்குள் சத்தமில்லாமல் அடைந்து கிடக்கிறார்கள்.

1920 ஜனவரி 30ல் இந்த ஊரில் தொடங்கியது டோயோ கார்க் கோக்யோ. பாட்டில் மூடிக்குப் பயன்படும் கார்க் செய்கிற கம்பெனி. முதல் உலகப் போரில் ஐரோப்பியக் கார்க் வரத்து நின்றதால், உள்ளூர் அபேமாகி மரப்பட்டையை வைத்துத் தொடங்கிய தொழில். போர் முடிந்து நல்ல கார்க் திரும்ப வந்ததும் இவர்கள் சரக்குக்கு மதிப்புப் போயிற்று. 1921ல் தலைமைக்கு வந்தவர் ஜுஜிரோ மத்சுதா, சிறுவயதில் கொல்லுப் பட்டறையில் வேலை பழகியவர். 1925ல் ஆலை தீப்பிடித்தது. அதற்குப் பின் அவர் கார்க்கை ஓரங்கட்டிவிட்டு இயந்திரங்கள் பக்கம் திரும்பினார், 1927ல் பெயரிலிருந்தும் கார்க் போனது. 1930ல் நகரை ஒட்டிய ஃபுச்சூவுக்கு ஆலை மாற்றம், 1931ல் முதல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி: 482 சிசி, ஒற்றை சிலிண்டர், பின் அச்சில் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு பின்சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு), ரிவர்ஸ் கியரும் உண்டு. அந்தக் காலத்து மூன்று சக்கர வண்டிகளில் இந்த இரண்டும் அபூர்வம். ரிவர்ஸ் இல்லாத வண்டியைக் குறுகிய சந்தில் இறங்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டும், டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் பின் டயர் திருப்பத்தில் தேய்ந்து இழுக்கும். விற்பனையை மிட்சுபிஷி வணிகக் கம்பெனி பார்த்துக்கொண்டதால் முதல் வண்டிகளில் மிட்சுபிஷி, மஸ்தா என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கும்.

1945 ஆகஸ்ட் 6 ஜுஜிரோவின் எழுபதாவது பிறந்தநாள். குண்டு விழுந்த இடத்திலிருந்து ஆலை சுமார் 5 கிலோமீட்டர். இடையில் இந்தக் குன்று. அதிர்ச்சி அலையின் நேரடி வேகத்தை இந்த மேடு தாங்கிக்கொண்டதால் ஃபுச்சூவில் கூரையும் கண்ணாடியும் போனதோடு ஆலைக் கட்டடம் பிழைத்தது. ஆலை பிழைத்ததே தவிர ஆட்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. நகருக்குள் இருந்த தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள், முதலாளியின் ஒரு மகனும் அதில் போனார். போர்க்காலத்தில் இதே ஆலை ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நின்றிருந்த சில பெரிய கட்டடங்களில் இது ஒன்று என்பதால் மாகாண நிர்வாகமே இந்த வளாகத்துக்குக் குடிவந்து 1946 வரை இங்கிருந்து இயங்கியது. 1945 டிசம்பரில் மூன்று சக்கர வண்டி மறுபடி உருண்டு வெளியே வந்தது. சுடுகாடாகிப் போன ஊரில் மரமும் அரிசியும் சுமக்க அதைவிடத் தோதான வண்டி வேறில்லை: சின்ன இஞ்சின், எளிய பழுது, குறைந்த பெட்ரோல். ஹிரோஷிமாக்காரர்கள் மஸ்தாவை விட்டுக்கொடுக்காததற்கு விளம்பரம் காரணமில்லை.

மதியம் ஈரச் சட்டையோடு நின்று சாப்பிட்ட உடோன் நூடுல்ஸ் 480 யென். துண்டு ஒன்றை நீட்டிய பக்கத்தில் நின்றவர் அதைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

அக்டோபர் 16, வியாழன் | முகாய்நாடா

மஸ்தா அருங்காட்சியகம் ஆலைக்கு உள்ளேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு கட்டாயம். முகாய்நாடா நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தலைமை அலுவலகம். முன்கூடத்தில் பெயரைச் சரிபார்த்து, பேருந்தில் ஏற்றி ஆலை வழியே கூட்டிப்போகிறார்கள். பேருந்து கடக்கும் பாலம் மஸ்தா தன் பணத்தில் கட்டியது, 1965ல் திறந்தது, 560 மீட்டர். ஆலை கிழக்கு மேற்காக 7 கிலோமீட்டர் நீளம், அதற்கென்று சொந்தத் துறைமுகமும் தீயணைப்பு நிலையமும் உண்டு. சொந்த மருத்துவமனை வேறு.

2022ல் புதுப்பித்த பிறகு காட்சிக்கூடம் வரிசை பிசகாமல் ஓடுகிறது. மூன்று சக்கர வண்டி, அடுத்து 1960ன் ஆர்360 கூப்பே: 356 சிசி, 380 கிலோ எடை, அன்றைய விலை 3 லட்சம் யென். எடையைக் குறைக்கிற பைத்தியம் இங்கேயே தொடங்கிவிட்டது. பார்வையாளர்கள் இதை ஒரு நிமிடத்தில் கடந்து ரோட்டரி அறைக்குப் போய்விடுகிறார்கள், பாவம்.

1961ல் ஜப்பான் அரசு கார் கம்பெனிகளைச் சில பெரிய குழுக்களாகச் சேர்க்க நினைத்தது. நேற்றுவரை மூன்று சக்கர வண்டி செய்தவர்களை யாராவது விழுங்கிவிடுவார்கள் என்பதுதான் நிலைமை. யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாக நிற்கலாம் என்று ஜுஜிரோவின் மகன் சுனேஜி கணக்குப் போட்டார். ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியிடம் வாங்கெல் ரோட்டரி இஞ்சின் உரிமம் வாங்கினார், விலை 28 கோடி யென். வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இஞ்சின் என்று சொல்லித் தந்தது பாதி முடித்த ஆராய்ச்சி.

பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக, பட்டுக்கூடு வடிவ அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. மூன்று முனைகளிலும் ஒவ்வொரு அபெக்ஸ் சீல், அறைச் சுவரை உரசிக்கொண்டே போய்க் காற்றழுத்தம் கசியாமல் காக்க வேண்டும். அந்தச் சீல் உரசும்போது தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்தது. துடிப்பு, குரோம் பூசிய சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. இவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. கீறல் விழுந்த ஹவுசிங், அதாவது அந்த அறைச்சுவர், ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. சிறுவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

1963ல் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் அமர்த்தப்பட்டார்கள். தலைவனுக்காகப் பழிதீர்த்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும், அந்த எண்ணிக்கை இவர்களோடு ஒட்டிக்கொண்டது. சீல்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். சீலின் எடை மாறியதால் அதிர்வெண் மாறிற்று, கீறல் நின்றது. ஆனால் அப்படித் துளையிட்ட சீலைத் தொழிற்சாலை அளவில் செய்ய முடியாது. கடைசியில் கார்பனுக்குள் அலுமினியத்தை ஊடுருவச் செய்த சீல் கைகொடுத்தது. உரசினாலும் தானே வழுக்கும், எடையும் குறைவு. இதற்கு நடுவே ரோட்டரின் பக்கவாட்டில் எண்ணெய் கசிந்து வெள்ளைப்புகை கக்கியதற்குத் தனியாக எண்ணெய் சீல்கள் தேட வேண்டியிருந்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: 491 சிசி அறை கொண்ட இரண்டு ரோட்டர்கள், 110 குதிரைத்திறன், 14 லட்சத்து 80 ஆயிரம் யென். மொத்தம் 1,176 வண்டிகள்தான் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்தில் 84 மணி நேரப் போட்டியில் ஒரு காஸ்மோ நான்காவதாக முடித்தது, இன்னொன்று கடைசிக் கட்டத்தில் அச்சு போய் நின்றது. ரோட்டரி தாங்குமா என்று கேட்டவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது.

அசெம்பிளி வரிசையைப் பார்க்கும் மேடையில் படம் எடுக்கக் கூடாது, போன் பைக்குள் போக வேண்டும். ஒரே வரிசையில் சிறிய இருவர் காரான ரோட்ஸ்டரும் பெரிய எஸ்யூவியும் முன்னும் பின்னுமாக வருகின்றன. பெரிய கம்பெனிக்கு ஒரு மாடலுக்கு ஒரு வரிசை கட்டுப்படியாகும், இவர்களுக்கு ஆகாது. அதனால் அடுத்தடுத்து வரும் வேறுவேறு வண்டிகளுக்கான பாகங்களை ஓட்ட வரிசைப்படி அடுக்கி, தொட்டிகளில் வண்டியோடு கூடவே அனுப்புகிறார்கள். தொழிலாளி அலமாரியில் தேடி எடுக்க வேண்டியதில்லை, கைக்கு எட்டிய தொட்டியில் இருப்பதை மாட்டினால் போதும். வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்தார். ரோட்டரியைவிட இது கெட்டிக்காரத்தனம் என்று சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

கடைசி அறைக்கு முந்தியதில் ஆரஞ்சும் பச்சையுமாக 787பி பந்தயக் கார் நிற்கிறது. 1991 ஜூன் 23, பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயம், எண் 55, நான்கு ரோட்டர், சுமார் 700 குதிரைத்திறன், 362 சுற்றுகள். வைட்லர், ஹெர்பர்ட், காஷோ மூவரும் மாறிமாறி ஓட்டினார்கள். கடைசிப் பகுதியை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீர்ச்சத்து வற்றி மயங்கியதால் மேடையில் ஏற முடியவில்லை. லெமானில் வென்ற முதல் ஜப்பானியக் கம்பெனி மஸ்தா. அடுத்தது 2018ல் டொயோட்டா வந்துதான். காட்சிப் பலகையில் ஒன்றை மட்டும் பெரிதாகப் போடவில்லை: மஸ்தாவுக்கு 830 கிலோ எடையில் ஓட அனுமதி இருந்தது, மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1,000 கிலோ. பேரம் பேசி வாங்கிய சலுகைதான், ஆனால் 24 மணி நேரம் உடையாமல் ஓடியதைச் சலுகை தர முடியாது.

அக்டோபர் 17, வெள்ளி | புறநகர்ப் பட்டறை

வெயில் திரும்பிவிட்டது. நகருக்கு வெளியே ரோட்டரி மட்டும் பார்க்கும் பட்டறைகள் உண்டு. வேலை நடக்கும்போது ஓரமாக நிற்க அனுமதித்தார்கள், குறுக்கே வராதவரை பிரச்சினை இல்லை. டின் காப்பி 140 யென் இயந்திரத்தில், அதையும் பட்டறைக்காரரே வாங்கித் தந்தார்.

ரோட்டரியின் நற்பெயரும் கெட்ட பெயரும் அதே சீலில் இருக்கின்றன. மஸ்தாவின் ரோட்டரி ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-8ஐப் பழசாக வாங்க நினைப்பவர் பெயின்ட்டையும் கிலோமீட்டரையும் பார்க்கும் முன் கம்ப்ரஷன் சோதனை, அதாவது அறைக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை, கேட்க வேண்டும். சாதாரணக் கேஜ் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள், சாதாரணக் கேஜ் அவற்றில் அதிகமானதை மட்டும் பிடித்துக்கொண்டு காட்டும், செத்த அறை ஒளிந்துகொள்ளும். மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்யும் ரோட்டரி சோதனைக் கருவி வேண்டும். இஞ்சின் சூடேறிய பிறகு, பேட்டரி நல்ல சார்ஜில், நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் 830 கிலோபாஸ்கல் புதுசு, 680க்குக் கீழே போனால் இஞ்சின் பிரிக்கும் வேலை. அறைகளுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100. எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, வேகத் திருத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் சாகக் கிடக்கும் இஞ்சினும் நல்ல எண் காட்டும்.

அறிகுறிகள் தெளிவு. ஆற வைத்த இஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி பிடிக்காது: சீல் தேய்ந்து அழுத்தம் போய்விட்டது. அணைத்துவிட்டு வீட்டு வாசலில் வண்டியை இரண்டடி நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்துவது ரோட்டரிக்கு ஆகாது. குளிர்ந்த இஞ்சினுக்குச் செல்லும் அதிகப் பெட்ரோல் எரியாமல் சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், பிளக் நனையும், அழுத்தம் போகும். அப்படி நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முழு மிதியில் எரிபொருள் தடைபடும், தேங்கியது வெளியேறும். அதற்கும் மசியாவிட்டால் நான்கு பிளக்கையும் கழற்றித் துடைக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் குறைவது நோயில்லை. சீலுக்கு வழுக்கல் தர, மீட்டரிங் பம்ப் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விட்டு எரிக்கிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்ப்பது பழக்கமாக வேண்டும். பார்க்காமல் ஓட்டியவர்கள்தான் பட்டறைக்கு வருகிறார்கள். பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் பலவீனமாகி மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டு அடைத்துவிடும், அந்த வெப்பம் இஞ்சினுக்கே திரும்பும். காயிலில் மிச்சம் பிடிக்கப்போய் இஞ்சினை இழக்கிற கணக்கு. ஒரு தடவை ஓவர்ஹீட் ஆன ரோட்டரியை வாங்கவே கூடாது, ஹவுசிங்குகளுக்கு நடுவே இருக்கும் நீர் சீல் போயிருக்கும். அமெரிக்காவில் ஆர்எக்ஸ்-8 இஞ்சினுக்கு வாரண்டியை 8 ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று நீட்டியதிலிருந்தே தொல்லையின் அளவு தெரியும். ஜப்பானில் இன்னொரு செலவு: கார் வரிக்கு ரோட்டரியின் சிசியை ஒன்றரை மடங்காகக் கணக்கிடுவார்கள், 1,308 சிசி 1,962 ஆகிவிடும்.

பட்டறையின் மறுபக்கம் மஸ்தாவின் எஸ்யூவியான டீசல் சிஎக்ஸ்-5. இங்கே கதை வேறு. 14:1 என்ற குறைந்த கம்ப்ரஷனில் ஓடும் நல்ல இஞ்சின், நெடுஞ்சாலையில் மணியாக ஓடும். நகருக்குள் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டத்திலேயே அதன் வாழ்நாளைக் கழித்தால் புகைக்கரி இன்டேக் குழாயில் படியும். எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்யும் சுழற்சி பாதியில் நிற்கும், அதற்கென்று தெளித்த டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறினால் மகிழ வேண்டாம். அதிலுள்ள எக்ஸ் குறியைத் தொட்டால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். வாரத்துக்கொருமுறை அரை மணி நேரம் நீண்ட சாலையில் ஓட்டினால் இந்த வினை பாதி தீரும்.

சிவப்புப் பெயின்ட்டைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் பெருமூச்சுதான் விடுவார்கள். 2012ல் வந்த சோல் ரெட், ஒளியைத் திருப்பும் அடுக்கு, அதன்மேல் ஊடுருவும் சிவப்பு, மேலே கிளியர் என மூன்று படலம். ஊடுருவும் படலத்தின் தடிமன் இம்மி மாறினால் நிறம் மாறும். ஒரு கதவில் கீறல் விழுந்தால் பக்கத்துப் பலகைவரை இழுத்துக் கலந்து அடிக்க வேண்டும். டச்-அப் பேனா அதில் திட்டாகத் தெரியும்.

இரவு இங்கே சிப்பிப் பருவம் தொடங்குகிறது. தகட்டில் சுட்ட சிப்பி இரண்டுக்கு 800 யென், எலுமிச்சை மட்டும். சிறிதுதான், சீசன் உச்சம் ஜனவரி என்று கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பரிமாறினார்.

அக்டோபர் 18, சனி | ஓகோன்சான் மலை

221 மீட்டர் உயர ஓகோன்சானில் ஏறினால் ஆலை முழுவதும் காலடியில். ஏற்றம் செங்குத்து, தண்ணீர் கையில் வேண்டும், உச்சியில் கடை இல்லை. காலை நடை வந்த முதியவர்கள் எந்தக் கூரை பெயின்ட், எந்தக் கூரை பிரஸ் என்று விரல் நீட்டிச் சொல்கிறார்கள். துறைமுகத்தில் கார் கப்பல், பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகளாக நூற்றுக்கணக்கில் வண்டிகள்.

இத்தனை பெரிய ஆலை இரண்டு முறை மூழ்கப் பார்த்தது. முதல் முறை 1970களில். அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டைச் சமாளிக்க ரோட்டரியின் எக்ஸாஸ்டில் தெர்மல் ரியாக்டர் வைத்தார்கள், எரியாத பெட்ரோலை அங்கே எரிக்கும் பெட்டி அது. பெட்டி சூடாக இருக்க வேண்டுமானால் கலவையில் பெட்ரோல் செழிப்பாகப் போக வேண்டும், செழிப்பாகப் போனால் மைலேஜ் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடி சரியாக அந்த நேரத்தில் வந்து விழுந்தது. விற்காத வண்டிகள் குவிந்தன. சுமிட்டோமோ வங்கி உள்ளே வந்து கணக்கைக் கையிலெடுத்தது, குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை கோஹெய் 1977ல் தலைமையிலிருந்து விலகினார். ஆலைத் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழப்பதற்குப் பதிலாக நாடு முழுவதும் ஷோரூம்களுக்குக் கார் விற்க அனுப்பப்பட்டார்கள். நட்டு இறுக்கியவர் வீடு வீடாகப் போய் கதவைத் தட்டினார். 1979ல் ஃபோர்டு 25 சதவீதம் வாங்கியது.

இரண்டாம் முறை தன் பேராசையால். 1989ல் வந்த ரோட்ஸ்டர் ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் கைவிட்ட திறந்த இருவர் காரை, ஒழுகாமல், ஸ்டார்ட் ஆகும்படி செய்தார்கள். 2016ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. ஆனால் அதே நேரத்தில் மஸ்தா, யூனோஸ், அன்ஃபினி, ஆட்டோசாம், ஆட்டோராமா என்று ஐந்து கடைகளைத் திறந்து, ஒரே காருக்கு ஐந்து முகம் வைத்து விற்கப் பார்த்தது. ஜப்பான் பொருளாதாரக் குமிழி வெடித்தது. கடை நிறைய வண்டி, வாங்க ஆளில்லை, தள்ளுபடி மேல் தள்ளுபடி. அப்போது பிறந்த சொல் 'மஸ்தா நரகம்': தள்ளுபடியில் வாங்கியவன் விற்கப் போனால் மற்றக் கம்பெனி ஷோரூம் அடிமாட்டு விலை பேசும், மஸ்தா ஷோரூம் மட்டும் ஓரளவு தரும், அதனால் மறுபடி மஸ்தாவே வாங்க வேண்டும். ஃபோர்டு 1996ல் பங்கை 33.4 சதவீதமாக்கித் தன் ஆளான ஹென்றி வாலஸைத் தலைவராக அமர்த்தியது. ஜப்பான் கார் கம்பெனிக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல் முறை. 2008ல் ஃபோர்டே தடுமாறிப் பங்கை விற்கத் தொடங்கியது.

கைவிடப்பட்ட நிலையில் புது இஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றி 2012ல் சிஎக்ஸ்-5 விட்டார்கள். தள்ளுபடியைக் குறைத்தார்கள், பழைய வண்டியின் விலை ஏறியது, 'நரகம்' என்ற சொல் இப்போது கிழவர்கள் வாயில்தான் கேட்கிறது. ஆனால் முதல் தலைமுறை மஸ்தா3ன் பின்சக்கர வளைவில் துரு தின்றதைக் கனடாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 2024 ஜூனில் இன்னொரு கறை: அரசு அங்கீகாரச் சோதனைகளில் விதி மீறியதாகப் பல ஜப்பானியக் கம்பெனிகளோடு மஸ்தாவும் ஒப்புக்கொண்டது. பழைய மாடல்களின் மோதல் சோதனையில் ஏர்பேகை சென்சார் மூலம் விரிய விடாமல் டைமர் வைத்து விரித்தார்கள், ரோட்ஸ்டர் ஆர்எஃப், மஸ்தா2 இஞ்சின் சோதனையில் மென்பொருளை மாற்றினார்கள். அந்த இரண்டு வண்டிகளின் உற்பத்தி சிறிது காலம் நின்றது. சிறு கம்பெனி என்று இரக்கப்படும் ரசிகர்கள் இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டுகிறார்கள். ஏர்பேக் விஷயத்தில் அந்த இரக்கம் கூடாது.

ரோட்டரி 2012ல் ஆர்எக்ஸ்-8ஓடு நின்றது. 2023ல் எம்எக்ஸ்-30 என்ற சார்ஜ் செய்து ஓட்டும் காரில் 830 சிசி ஒற்றை ரோட்டராகத் திரும்பி வந்திருக்கிறது, சக்கரத்தைச் சுற்றுவதற்கில்லை, பேட்டரிக்கு மின்சாரம் தர. ஒரே வேகத்தில் நின்று ஓடலாம் என்பதால் சீலுக்கு இது சுலபமான பிழைப்பு. 2024 பிப்ரவரியில் ரோட்டரி ஆராய்ச்சிக் குழுவை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். மின்சாரக் காருக்கு முழுவதும் மாற இவர்களிடம் டொயோட்டா அளவுக்குப் பணம் கிடையாது, அதனால்தான் டொயோட்டாவோடு பங்கு மாற்றிக்கொண்டு கூட்டும் வைத்திருக்கிறார்கள். தனியாக நிற்க ரோட்டரி வாங்கிய வீடு, இன்று தனியாக நிற்காமல் இருக்கப் பங்காளி தேடுகிறது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் பேருந்து மணிக்கொருமுறைதான், கீழே வந்து டிராம் பிடிப்பது உத்தமம். கீழே சாலையோரக் கடையில் மேப்பிள் இலை வடிவ மொமிஜி மாஞ்ஜூ ஒன்று 130 யென், உள்ளே சிவப்புப் பயறு. பாலேடு வைத்ததும் இருக்கிறது, வேண்டாம்.